மீதி 198 புழுக்களைத் தின்றது யார்?

கார்த்திகை மழை கொட்டித் தீர்த்து, இரண்டு மூன்று நாள் வெயில் எறித்தால் போதும். திருகோணமலையில் முருங்கை நிற்கிற வளவுகளில் அநேகமாக ஒரே காட்சிதான். காலையில் கிணற்றடிக்குப் போகும்போது பார்த்தால், மரத்தின் அடித்தண்டில் யாரோ பழுப்பு நிறக் கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டது போலிருக்கும். கிட்டப் போனால் கம்பளி நெளியும்.

மயிர்க்கொட்டி என்போம், மசுக்குட்டி என்பாரும் உண்டு. போன மாரியில் உவர்மலையில் எங்கள் பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மரத்துக்கு எவ்வளவு மருந்து கலந்து அடிக்கிறது? பார்க்கவே உடம்பெல்லாம் கூசுது."

கையில் ஒரு சோடாப் போத்தல். உள்ளே பால் போன்ற திரவம். கடையில் பெரிய கலனில் இருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். லேபல் இல்லை. என்ன மருந்து என்று கேட்டேன்.

"பேரை ஆர் கேட்டது? புழுவுக்கு மருந்து தாங்கோ எண்டன், தந்தாங்கள்."

அன்று மத்தியானம் மாமி வீட்டில் முருங்கையிலை வறை. இலை அதே மரத்தின் கீழ்க்கொப்பில் ஆய்ந்தது. மருந்து ஒரு நாள் முந்தி அடித்திருந்தால் அதுவும் வறையோடு சட்டிக்குள் போயிருக்கும். போத்தலை வாங்கி வைத்துவிட்டு, வேலியின் இந்தப் பக்கம் நின்றபடி அரைமணி நேரம் மாமிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மரப்புழுவை நஞ்சில்லாமல் கட்டுப்படுத்துவது எப்படி என்று முதன்முதலாக யோசிக்கிறவர்களுக்காக.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

ஒரு தாய் அந்துப்பூச்சி 200 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனத்துக்கு இனம் கூடிக் குறையும்; கணக்குக்கு 200 போதும். இந்த வருடம் உங்கள் வளவில் எத்தனை அந்துப்பூச்சி இருந்ததோ அடுத்த வருடமும் அதே அளவுதான் இருக்க வேண்டுமென்றால், அந்த 200 முட்டையில் எத்தனை பிழைத்து வளர வேண்டும்? இரண்டே இரண்டு. தாய்க்குப் பதில் ஒன்று, தகப்பனுக்குப் பதில் ஒன்று. மீதி 198 எங்கேயோ சாக வேண்டும்.

அநேகமான வருடங்களில் அவை சாகத்தான் செய்கின்றன. நாங்கள் மருந்து அடிக்காமலே. சில முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். சிலதை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். குருவி கொத்தும், ஓணான் நக்கும், குளவி கொட்டும், நோய் பிடிக்கும், மழை அடித்து நிலத்தில் வீழ்த்தும். வேலை செய்கிறவர்களை நாங்கள் காண்பதில்லை. தப்பிப் பிழைத்த மயிர்க்கொட்டி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

இப்போது அந்த 198 இல் இரண்டு கூடுதலாகத் தப்பிவிட்டது, அதாவது 2 க்குப் பதில் 4 பிழைத்தது என்றால்? அடுத்த தலைமுறை இரட்டிப்பு. இப்படியே போனால் ஐந்தாம் தலைமுறையில் 32 மடங்கு. நூற்றுக்கு 99 செத்த இடத்தில் 98 செத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மரத்தில் கம்பளி சுற்றியதுபோலப் புழு மொய்ப்பதற்கு அந்தச் சின்ன வழுக்கல் போதும்.

மாமியின் போத்தல் செய்யக்கூடிய வேலையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் ஒரு நஞ்சை மரத்தில் அடித்தால் புழுவில் பெரும்பகுதி சாகும், உண்மை. கூடவே குளவி, எறும்பு, சிலந்தி, பொறிவண்டு எல்லாம் சாகும். பிறகு? எங்கேயோ இருந்து ஒரு அந்துப்பூச்சி பறந்து வந்து மறுபடி முட்டை இடும். அதற்குத் தேவை இலை மட்டும்தான், இலை இருக்கிறது. குளவிக்கோ புழு வேண்டும். புழு பெருகின பிறகுதான் குளவி பெருக முடியும். ஆகவே திரும்பி வரும் ஓட்டத்தில் முதலில் வருவது எப்போதும் புழு. நடுவில் தடுக்க ஆளில்லாத அந்த இடைவெளியில் அது ஒரு பிடி பிடித்துவிடும். "போன முறை அடிச்சது காணாது, இந்த முறை இன்னும் கொஞ்சம் கூட அடிப்பம்" என்று நாங்கள் கடைக்குப் போவோம்.

எனக்கே இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பெரிய சாடியில் வைத்திருந்த தேசிமரத்துக்குப் பத்துப் புழுவைக் கண்டு பயந்து மருந்து அடித்தேன். புழு போனது. அடுத்த இரண்டு மாதத்தில் கொப்பெல்லாம் வெள்ளை மா அப்பியது போன்ற பூச்சி, அதன் பின்னால் எறும்பு வரிசை, இலையில் கரிப்பூச்சு. அந்த வெள்ளைப் பூச்சியை அதுவரை யாரோ தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் அவர்களைக் கொன்றேன்.

அந்த 'யாரோ' யார் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

புழு ஒன்றின் முதுகில் வெள்ளையாக, அரிசிக் குறுணல் ஒட்டியதுபோலச் சின்னச் சின்னக் கூடுகளைக் கண்டிருப்பீர்கள். பலர் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்குகிறார்கள். புழு முட்டை இடாது. அது இன்னும் குழந்தை. முட்டை இடுவது வளர்ந்த அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும்தான். அந்த வெள்ளைக் கூடுகள் ஒரு சிறிய குளவியின் பிள்ளைகள். தாய்க்குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கிறது. உள்ளே பொரித்த குஞ்சுகள் புழுவைத் தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டுகின்றன. அப்படியான புழு எப்படியும் சாகப் போகிறது. விட்டுவிட்டால் அதிலிருந்து இருபது முப்பது குளவிகள் கிளம்பி அடுத்த புழுவைத் தேடும். இந்தக் குளவிகள் மனிதரைக் கொட்டுவதில்லை. கொசுவை விடச் சிறியவை. இன்னும் சிறிய இனங்கள் உண்டு: டிரைக்கோகிரம்மா என்று ஒன்று, ஒரு மில்லிமீற்றர் கூட வராது, அந்துப்பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பொரிப்பதற்கு முன்பே கதை முடிந்தது.

சில நாட்களில் கொப்பு நுனியில் புழு கறுத்து, நீர்த்தன்மையாகி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அது வைரசு நோய். அருவருப்பாக இருக்கும், ஆனாலும் கழுவி விடாதீர்கள். அதன் உடம்பு வெடித்து வழிகிற திரவம் பட்ட இலையைத் தின்னும் மற்றப் புழுக்களுக்கும் தொற்றும். மனிதருக்குத் தொற்றாது.

பிறகு முசுறு. மாமரத்தில் இலைகளைக் கூட்டித் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. மாங்காய் பறிக்க ஏறினவனைக் கேட்டால் அதன் குணம் தெரியும். தென் சீனாவில் தோடைத் தோட்டக்காரர்கள் ஏறக்குறைய 1,700 வருடங்களுக்கு முன்பே இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கி மரங்களில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் போய்வர மூங்கில் பாலமும் போட்டார்கள். பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கியதற்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. எங்கள் வளவில் இரண்டு மாமரத்துக்கு நடுவில் தேங்காய்த் தும்புக் கயிறு ஒன்று கட்டினாலே போதும், தாங்களாகப் போய் வருவார்கள். ஆனால் முசுறுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: இனிப்பு நீர் கசியும் வெள்ளைப் பூச்சிகளை அது ஆடுமாடு மாதிரிப் பாதுகாத்து வளர்க்கும். ஆகவே முசுறு இருக்கிற மரத்தில் புழு குறையும், வெள்ளைப் பூச்சி கூடலாம். எனக்கு மாவில் அது பரவாயில்லை, தேசியில் வேண்டாம்.

பறவைகளில் செண்பகமும் குயில் வகைகளும் மயிர்க்கொட்டியைக் கூடத் தின்னும். மற்றப் பறவைகளில் பல மயிருக்குப் பயந்து ஒதுங்கும். மைனாவும் புலுனியும் நிலத்தில் கிளறித் தேடுவதில் கெட்டி. வேலியோரம் கொஞ்சம் பற்றை விட்டு வைத்தால் செண்பகம் வரும். எல்லா மூலையையும் கூட்டிப் பெருக்கி, சீமெந்தும் போட்டுவிட்டு, "இப்ப குருவியே இல்லை" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, இத்தனை பேர் இருந்தும் கார்த்திகையில் முருங்கை ஏன் கம்பளி போர்த்துகிறது?

மழை. இங்கே வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று மண்ணைக் காய வைத்துவிடும். முருங்கை மயிர்க்கொட்டி வளர்ந்து முடிந்ததும் மரத்தை விட்டு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகிறது. வாடை மழை மண்ணை நனைத்ததும் அந்துப்பூச்சிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. அதே மழையில் முருங்கையும் புதுக்குருத்து விடுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டை இடும்போது தின்கிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இந்த இடத்தில்தான் எங்கள் கை உதவி வேண்டும். அந்த உதவி தின்கிறவர்களைக் கொல்லாததாக இருக்க வேண்டும், சரியான நாளில் செய்ய வேண்டும்.

நாள் ஏன் முக்கியம்? முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என்ற நாலு பருவத்தில் இலையைத் தின்பது புழு மட்டும். புழுவும் நாலைந்து முறை தோல் கழற்றி வளர்கிறது. வாழ்நாளில் தின்னும் இலையில் மிகப் பெரும்பங்கைக் கடைசி இரண்டு தோலில் இருக்கும்போதுதான் தின்கிறது. முதல் இரண்டு தோலில் அது இலையைச் சுரண்ட மட்டும் செய்யும். அப்போது அது கடுகளவு, எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கண்டு அலறுகிற விரல் தடிப்புப் புழு சாப்பாட்டை ஏறக்குறைய முடித்துவிட்டது. இன்னும் சில நாளில் தானாக இறங்கிப் போய்விடும். மாமி மருந்து வாங்கி வந்த நாளில் முருங்கையில் இலை அரைவாசி போயிருந்தது. மீதி அரைவாசிக்காக நஞ்சு அடித்து என்ன பயன்? முருங்கை இரண்டு மூன்று கிழமையில் துளிர்த்துவிடும். வளர்ந்த மரத்துக்கு இலை போவது மயிர் வெட்டியது மாதிரி. கன்றுக்குத்தான் அது ஆபத்து.

முருங்கையில் நாங்கள் செய்தது

முருங்கை மயிர்க்கொட்டி கூட்டமாக வாழ்கிற இனம். இரவில் ஏறி இலை தின்னும், பகலில் இறங்கி அடித்தண்டில் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். இந்தப் பழக்கம் அதன் பலவீனம். ஐநூறு புழுவைக் கொப்புக் கொப்பாகத் தேட வேண்டியதில்லை. மத்தியானம் அவை ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஒரு வாளியில் பாதித் தண்ணீர், அதில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைக் கரைத்துவிடுங்கள். நீட்டக் கைச்சட்டை, கையுறை, கண்ணாடி. தலையில் துவாய் ஒன்று. பழைய தும்புத்தடியால் மேலிருந்து கீழாக அவற்றை வாளிக்குள் தள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீர் அவை மூச்சு விடும் துளைகளை அடைத்துவிடும். காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், மயிர் முகத்துக்கு வராது. பிறகு வாளியோடு குழியில் ஊற்றி மூடிவிடலாம்.

தண்டு உயரமாக இருந்து எட்டவில்லை என்றால், நெஞ்சளவு உயரத்தில் பழைய சாக்கு ஒன்றைச் சுற்றிக் கட்டி, மேல் பாதியைக் கீழே மடித்து விடுங்கள். வெயிலுக்கு ஒளிய இடம் தேடும் புழுக்கள் மடிப்புக்குள் வந்து சேரும். மத்தியானத்தில் மடிப்பைத் தூக்கி, உள்ளே இருப்பதை வாளிக்குள் தட்டுங்கள். ஆனால் கட்டிவிட்டு மறந்துபோனால் அது புழுவுக்கு நாங்கள் கட்டிக் கொடுத்த வீடு.

முந்தின காலத்தில் சூள் கொளுத்தித் தண்டோடு பிடிப்பார்கள். எங்கள் அப்பப்பாவும் அப்படித்தான். வேலை சீக்கிரம் முடியும், மறுக்கவில்லை. ஆனால் முருங்கைத் தோல் மெல்லியது, வெந்துபோனால் அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். புகையோடு மயிரும் பறந்து கண்ணுக்குள்ளும் மூச்சுக்குள்ளும் போகும். வேலி கிடுகாக இருந்தால் சொல்லவே வேண்டாம். வாளி இருக்கும்போது சூள் எதற்கு?

இதைவிட நல்லது, புழு தண்டுக்கு வரும் முன்பே முட்டையைப் பிடிப்பது. முதல் மழை விட்ட கிழமையில் இலையின் பின்புறத்தையும் இளந்தண்டையும் பாருங்கள். முட்டைகள் கூட்டமாக ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஈர்க்கோடு ஒடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் ஒரு நொடியில் ஒரு குடும்பமே போய்விடும். அதே கிழமையில் இரவு ஏழு மணி முதல் பத்து மணிவரை மரத்தருகே ஒரு பல்பை எரியவிட்டு, கீழே அகன்ற சட்டியில் சவர்க்காரத் தண்ணீர் வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து விழும். விடிய விடிய எரியவிட வேண்டாம், வேறு நல்ல பூச்சிகளும் வந்து செத்துப்போகும். மழை தொடங்கும் முன், புரட்டாதி அளவில், மரத்தடி மண்ணை மேலாகக் கொத்திவிட்டுக் கோழியைத் திறந்து விடுங்கள். மயிர்க்கொட்டியைத் தொடாத கோழி, மண்ணுக்குள் மயிரில்லாமல் கிடக்கும் கூட்டுப்புழுவை விடாது. எங்களிடம் கோழி இல்லை. மாமியின் கோழிகள் வேலி தாண்டி வருவதற்கு இப்போது இரண்டு வீட்டு அனுமதியும் உண்டு.

மயிர் உடம்பில் பட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் முறிந்து உள்ளே போகும். ஒட்டும் டேப் ஒன்றை மெதுவாக வைத்து இழுங்கள். மயிர் அதோடு வரும். பிறகு ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உடுப்பையும் தனியாகத் தோய்க்க வேண்டும். கண்ணில் பட்டாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரி.

தேசியும் கறிவேப்பிலையும்

இங்கே கதை வேறு. தேசி வண்ணத்துப்பூச்சி கூட்டமாக முட்டை இடுவதில்லை. இளந்தளிருக்கு ஒன்றாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், குண்டூசித் தலையளவு முட்டையை வைத்துவிட்டுப் போகும். மூன்று நாலு நாளில் பொரிக்கும். வெளியே வரும் புழுவைப் பார்த்தால் குருவி எச்சம் என்றே நினைப்பீர்கள்: கபிலமும் வெள்ளையும் கலந்த, ஈரமான தோற்றம். குருவி தன் எச்சத்தைத் தானே தின்னாது அல்லவா, அந்தத் தந்திரம். கடைசித் தோல் கழற்றியதும் அதுவே இலைப் பச்சையாகிவிடும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு செம்மஞ்சள் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். எறும்பை விரட்டத்தான் அது. எங்களை ஒன்றும் செய்யாது. மயிர் இல்லை, கொட்டாது.

ஆகவே கையால் எடுப்பதுதான் வழி, வேறு எதுவும் வேண்டாம். புதுத்தளிர் விடும் நாட்களில் காலையில் ஐந்து நிமிடம். 'இந்தக் குருவி எச்சம் நேற்றும் இதே இடத்தில் இருந்ததா?' என்று கேட்டுப் பார்த்தாலே பாதி பிடிபட்டுவிடும். சின்னக் கன்றானால் கொசுவலைத் துண்டால் மூடிக் கட்டிவிடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தேசிமரத்தில் பத்துப் புழு இருந்தால் நான் கண்டுகொள்வதே இல்லை. எடுத்த புழுவை என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு போத்தலில் தேசிக் கொப்போடு போட்டு வாயை வலையால் கட்டிக் கொடுத்தேன். இரண்டு கிழமைக்குள் கூட்டுப்புழு, பிறகு ஒரு கிழமை சொச்சத்தில் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி. சாளரத்தில் இருந்து பறந்துபோய் நேராகத் தேசிமரத்தில்தான் இருந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கொன்றை மரத்தில் இலை தின்னும் பச்சைப் புழுக்களையும் விட்டுவிடுங்கள். சில மாதங்களில் நிலாவெளி வீதியைக் குறுக்கறுத்து வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்து நிற்போமே, அவற்றில் பல இந்தப் புழுக்களில் இருந்து வந்தவைதான். அவை எல்லாம் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்பது நாடு முழுதும் சொல்லும் கதை. அந்த மலையின் சிங்களப் பெயரான சமனல என்பதும் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்தான்.

தென்னையில் தெளிக்கவே வேண்டாம்

தென்னையின் கீழ் ஓலைகள் நெருப்புப் பட்டதுபோல் கருகி, மேல் ஓலை பச்சையாக இருந்தால் ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புழு எச்சமும் நூலும் கலந்து கட்டிய நீளமான சுரங்கங்கள் தெரிந்தால் அது கருந்தலைப் புழு. வெயில் காலத்தில்தான் கூடும். அது அந்தச் சுரங்கத்துக்குள் இருந்து பச்சையத்தைச் சுரண்டுகிறது. நாற்பது அடி உயரத்தில், அடிப்பக்கத்தில், கூரைக்குள் இருக்கிற புழுவுக்குக் கீழே நின்று மருந்து அடித்தால் அது முதலில் நனைப்பது அடிக்கிறவரின் முகத்தை. அடுத்தது கிணற்றை. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கங்களில் எல்லாம் மணல் நிலம். மேலே ஊற்றியது கீழே போக அதிக நேரம் எடுக்காது.

தென்னைக்கு இலங்கையில் நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. கோனியோசஸ் என்ற சிறு குளவி அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்து, புழுவைக் கொட்டி அசையாமல் ஆக்கி, அதன் மேல் முட்டை இடும். அதோடு போய்விடாது. பிள்ளைகள் வளரும்வரை அங்கேயே காவல் இருக்கும். பூச்சிகளில் இது அபூர்வம். லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் இப்படியான குளவிகளை ஆய்வுகூடத்தில் வளர்த்துத் தோட்டங்களில் விட்டு வந்திருக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது, மோசமாகக் கருகிய அடி ஓலைகளை வெட்டி எரிப்பது, தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை அலுவலருக்கு அறிவிப்பது. பக்கத்து வளவுக்காரரோடும் கதையுங்கள், உங்கள் ஒரு மரத்தில் மட்டும் இது நிற்பதில்லை.

வேப்பங்கொட்டை

கையால் எடுக்க முடியாத உயரம், அல்லது நாற்பது ஐம்பது கன்று உள்ள தோட்டம் என்றால் தெளிக்க ஏதாவது வேண்டும். அப்போது நான் முதலில் சொல்வது வேம்பு. திருகோணமலையில் வேப்பமரத்துக்கு என்ன பஞ்சம்?

1959 இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை ஒன்று கண்ணில் கண்ட பச்சையை எல்லாம் மொட்டையடித்தபோது வேப்பமரங்களை மட்டும் தொடாமல் போனதை ஹைன்றிச் ஷ்முட்டரர் என்ற ஜேர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். ஆய்வுகள் அங்கிருந்து வேகம் பிடித்தன. நெல்லுக்குள்ளும் பயறுக்குள்ளும் வேப்பிலை போட்டு வைத்த எங்கள் ஆச்சிமாருக்கு அது புதினமில்லை. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிரக்டின் என்ற பொருள் புழுவை உடனே கொல்வதில்லை. முதலில் இலையைத் தின்ன மனமில்லாமல் செய்கிறது. தின்றால், தோல் கழற்றும் உடற்செயலைக் குழப்புகிறது. பழைய சட்டைக்குள் சிக்கிய பிள்ளை மாதிரி, புழு தோலைக் கழற்ற முடியாமல் சாகும். இதற்குச் சில நாள் எடுக்கும். காலையில் அடித்துப் பின்னேரம் பார்த்து "வேலை செய்யேல்லை" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

செய்முறை: பழம் விழும் காலத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறியுங்கள். தேவைப்படும் நாளில் ஓட்டை நீக்கிப் பருப்பை எடுத்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் என்ற கணக்கில் இடித்து, துணியில் பொட்டலமாகக் கட்டி இரவு முழுதும் ஊற விடுங்கள். மறுநாள் பிழிந்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துச் சேருங்கள். இலையில் ஒட்டிப் பரவ அது உதவும். பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். வெயில் அசாடிரக்டினைச் சிதைத்துவிடும். அன்றன்று செய்ததை அன்றன்றே முடியுங்கள். ஏழு பத்து நாளுக்கு ஒருமுறை திரும்ப. முதன்முறை ஒரு கொப்பில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள், சில இளந்தளிர் கருகும். பூத்திருக்கும் மரத்தில் தேனீ வரும் நேரத்தில் வேம்பும் வேண்டாம். வேப்பெண்ணெய்யைக் கைக்குழந்தைகளுக்கு உள்ளே கொடுத்து ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ நூல்களில் உண்டு, ஆகவே பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இன்னொன்று, பீ.ரி. எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் பசிலஸ் துரிஞ்சென்சிஸ் என்ற மண் பற்றீரியா. 1901 இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென்று சாவதற்குக் காரணம் தேடியபோது கண்டுபிடிக்கப்பட்டது; 1911 இல் ஜேர்மனியின் துரிஞ்சியாவில், கோதுமை மாவைத் தின்னும் அந்துப்பூச்சியில் மறுபடி காணப்பட்டு அந்த இடத்தின் பெயர் சூட்டப்பட்டது. 1938 இல் பிரான்சில் விற்பனைக்கும் வந்தது. இது செய்யும் புரதப் பளிங்கு புழுவின் காரத்தன்மையான குடலில் கரைந்து, குடற்சுவரில் ஓட்டை போடும். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும். இரண்டு மூன்று நாளில் சாகும். எங்கள் வயிறு அமிலம், அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் எங்கள் குடலில் இல்லை. குளவியையும் பொறிவண்டையும் பாதிக்காது. ஆனால் இலையோடு உள்ளே போனால்தான் வேலை. சின்னப் புழுவில்தான் நன்றாக வேலை. வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கும் அந்துப்பூச்சிப் புழுவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னேரம்தான் அடிக்க வேண்டும், மழை வந்தால் மறுபடி. வாங்கும்போது குர்ஸ்டாகி என்ற வகையா என்று பாருங்கள். இஸ்ரேலென்சிஸ் என்றால் அது நுளம்புக் குடம்பிக்கு.

'இயற்கை' என்ற சொல்லை நம்பிப் புகையிலைக் கஷாயம் காய்ச்ச வேண்டாம். நிக்கோட்டின் தோலால் கூட உள்ளே போகும் கடும் நஞ்சு. குளவியையும் சேர்த்துத்தான் கொல்லும். மண்ணெண்ணெய் இலையை எரிக்கும். உப்புத் தண்ணீர் வேரைக் கெடுக்கும். மிளகாய், உள்ளி அரைத்து அடிப்பதில் கொஞ்சம் பயன் இருக்கலாம். எனக்குக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

மாமியின் போத்தலுக்கு வருகிறேன். இலங்கையில் பீடைநாசினிகள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். ஒரு காலத்தில் இங்கே தாராளமாக விற்ற மொனோகுரொட்டோபொஸ், மெத்தமிடொபொஸ் இரண்டும் 1995 இல் தடுக்கப்பட்டன. 1998 இல் என்டோசல்பான். ஆஸ்பத்திரிகளில் நஞ்சருந்தி வந்தவர்களின் தொகைதான் அந்தத் தடைகளின் பின்னால் இருந்த காரணம். லேபலில் பெயர், பதிவிலக்கம், எந்தப் பயிருக்கு, அடித்து எத்தனை நாளின் பின் சாப்பிடலாம் என்ற விபரம் எல்லாம் இருக்க வேண்டும். சோடாப் போத்தலில் இதில் ஒன்றும் இல்லை. தாகத்தோடு வரும் பேரப்பிள்ளைக்கு அது சோடாதான். அதைக் கானிலோ கிணற்றடியிலோ ஊற்றவும் கூடாது. மாமியின் மகன் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டி, பூட்டி வைத்து, அடுத்த நாள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு வந்தார்.

நேரில் போக வசதி இல்லாதவர்கள் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுக்கலாம். எடுக்குமுன் நாலு விடயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன மரம், புழு தனியாகவா கூட்டமாகவா, மயிர் உண்டா இல்லையா, பகலில் எங்கே இருக்கிறது. "புழு மருந்து என்ன?" என்று மட்டும் கேட்டால் மறுமுனையில் உள்ளவரும் இந்த நாலையும்தான் திருப்பிக் கேட்பார்.

இந்த முறை மழை விட்டு இரண்டாம் நாள் இரவே வேலிக்கு அந்தப் பக்கம் டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. மாமி ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இஞ்ச வாரும், ஒரு புழுவின்ர முதுகில அரிசி மாதிரி ஒட்டியிருக்கு. இதை விடுறதோ, எடுக்கிறதோ?"

"விடுங்கோ மாமி."